மேற்கே வைத்த பை

ஜூன் 3, செவ்வாய்

நான் போர்ச்சுகல் போகிறேன்!

இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். நூல் கம்பெனிக்காரர்கள் கொடுத்த இந்த டைரி இத்தனை நாள் மளிகைச் சீட்டு எழுதத்தான் உதவியது. இன்றிலிருந்து இதற்கு நல்ல காலம்.

காலையில் சாம்பிள் ரூமில் பனியன் அளந்துகொண்டிருந்தேன். முதலாளி குழந்தைவேலு அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். ஏதோ பீஸ் திரும்பி வந்துவிட்டது போல, திட்டு வாங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"வா அம்மிணி, உக்காரு. போர்ச்சுகல்லுல, போர்ட்டோவுல இருந்து நம்ம பனியன் வாங்கற பிலிப்பா மேடம் மெயில் போட்டிருக்குது. நம்ம சாம்பிள் ஆள ஒருத்தர எம்பது நாளைக்கு அங்கயே அனுப்போணுமாமா. கூரியர்ல பனியன் போயிட்டு வர்றதுக்குள்ள சீசனே முடிஞ்சு போகுதுங்கறாங்க."

"சரிங்ண்ணா."

"தொவச்சாலும் விரியாத பனியன் கழுத்து தெச்சாங்கல்ல, அவிகளயே அனுப்புங்கன்னு எழுதியிருக்குது. அது நீதான அம்மிணி?"

தலையாட்டினேன். சாம்பிள் ரூமுக்குப் பொறுப்பு நான்தானே. அங்கே தைப்பதெல்லாம் என் கையெழுத்தோடுதான் வெளியே போகிறது.

"ஆர்டர் பாக்கற தினகரனக் கேட்டா ஓட்டல் ரூமு, டாக்சின்னு பெரிய லிஸ்ட்டா நீட்டறான். நம்மளால ஒரு நாளைக்கு முப்பது யூரோதான் ஆவும். வாடகை, சோறு, பஸ்சு எல்லாம் அதுக்குள்ள. முடியுமா?"

"ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் இருந்தா எனக்குப் போதுமுங்ண்ணா. தாராளமா முடியும்."

முப்பது யூரோ என்றால் எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியாது. வெளியே வந்துதான் அக்கவுண்ட்ஸில் கேட்டேன். மூவாயிரம் ரூபாயாம்! ஒரு நாளைக்கு!

பதினெட்டு வயதில் பிசிறு வெட்ட இந்தத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் வந்தவள் நான். இப்போது நாற்பத்து மூன்று. அதிகபட்சம் போன தூரம் மைசூர், அதுவும் கம்பெனி டூர். எனக்கு இன்று தலைகால் புரியவில்லை.

வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறவர், ஆயிரம் ஊர் பார்த்தவர். அவரிடம் சொன்னதும் கையில் சாம்பார் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"எம்பது நாளா? நான் சோத்துக்கு என்ன பண்றது?"

"அரிசி டப்பா எங்க இருக்குதுன்னு காட்டிட்டுப் போறேன் மாமா."

ஜூன் 5, வியாழன்

ஒரு நாளைக்கு மூவாயிரம் ரூபாய். ராஜ வாழ்க்கை!

ஜூன் 9, திங்கள்

ராஜ வாழ்க்கை படுத்துவிட்டது.

கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற என் மகள் நிறைமதி ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். போனை வைத்துக்கொண்டு போர்ட்டோவில் ரூம் தேடினாள். ஆற்றங்கரையில் பழைய ஊரில் ஒரு ரூம். ஜன்னலைத் திறந்தால் பாலம் தெரியும். ஒரு நாளைக்கு அறுபது யூரோ.

"ஜன்னலத் தெறக்காம இருந்தா கொறப்பாங்களான்னு கேளு," என்றேன்.

"அம்மா, நீ சும்மா இரு."

மூன்று மணி நேரம் தேடினாள். கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் காயா என்று ஒரு ஊர். நமக்கு அவிநாசி மாதிரி, பக்கத்து ஊர்தான். பாலத்தைத் தாண்டினால் போர்ட்டோ. ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். மாதம் நானூற்றி இருபது யூரோ, சமையலறையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். படத்தில் கட்டில், ஒரு மேசை, சுவரில் ஏசுநாதர். வேறென்ன வேண்டும்? நிறைமதி போனிலேயே அவர்கள் பாஷைக்கு மாற்றி எழுதிக் கேட்டாள். மீன் வறுத்தால் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை என்று பதில் வந்தது. எனக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துவிட்டது.

ஜூன் 14, சனி

இவர் யூடியூபே கதியென்று கிடக்கிறார். எண்பது நாள் சோற்றுக்கு என்ன செய்வது என்று அழுத மனுஷன் இப்போது எனக்கே வகுப்பெடுக்கிறார்.

"இந்திராணி, இங்க பாரு புள்ள. அங்கயும் அரிசிச் சோறுதான் திங்கறாங்களாமா! ஐரோப்பாவுலயே அவிகதான் எச்சா திங்கறாங்களாமா. நீ அரிசி மூட்டையெல்லாம் தூக்கிட்டுப் போகோணும்னு இல்ல."

இன்னொன்றும் கண்டுபிடித்தார். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பாட்டில் வாங்க வேண்டியதில்லை. பழைய டிராம் வண்டி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது டூரிஸ்ட்டுக்கு, கை வைத்தால் காசு போய்விடும். மாசப் பாஸ் எடுத்துக்கொண்டு மெட்ரோவில் போகணும். ஊர் முழுக்க மேடு. நடந்தே பழக வேண்டும் என்று சொல்லி இன்றிலிருந்து என்னை மாடிப்படியில் இருபது முறை ஏறி இறங்கச் சொல்கிறார். ஏறி இறங்கினேன். முட்டி வலிக்கிறது. ஆனாலும் சிரிப்பாக வருகிறது.

ஜூன் 18, புதன்

பை கட்டிப் பார்த்தோம். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்புப் பொடி, புளி, சின்னக் குக்கர், தோசைக்கல். பால் சேர்ந்த எதையும் அந்த நாட்டுக்குக் கொண்டு போகக்கூடாதாம், அதனால் நெய் இல்லை. நெய் இல்லாமல் பருப்புப் பொடியா என்று ஒரு கணம் மனசு உடைந்தது.

வீட்டில் எடை பார்க்க வழியில்லை. இவர் பையை டெம்போவில் போட்டுக்கொண்டு போய், பனியன் வேஸ்ட் எடை போடும் தராசில் வைத்தார். முப்பத்தொன்றரைக் கிலோ. முப்பதுதான் அனுமதி. தராசுக்காரர், "கிலோ என்ன வெலைக்குப் போடறீங்?" என்று கேட்டாராம். தோசைக்கல்லை எடுத்துவிட்டோம்.

ஜூன் 24, செவ்வாய்

விசாவுக்காகச் சென்னை போய் வந்தோம். எல்லாக் காகிதமும் சரி. கைரேகைதான் தகராறு. கண்ணாடி மேல் விரலை வைத்தால் மெஷினில் ஒன்றும் விழவில்லை. அந்தப் பெண் ஈரத் துணியால் என் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

"என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"தையல். இருபத்தஞ்சு வருஷம்."

"அதான் ரேகையெல்லாம் தேஞ்சிருக்கு," என்றாள். ரேகை இல்லாதவளுக்கு விசா கொடுப்பார்களா? நாலாவது தடவையில் விழுந்தது. வெளியே வந்து ஒரு காபிக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 1, செவ்வாய்

பாஸ்போர்ட் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

வரவில்லை.

மெர்ச்சண்டைசர் தினகரன் இன்று இரண்டு முறை வந்து, "என்னங்க்கா, விசா வந்துருச்சா?" என்று கேட்டான். போன வருஷம் பாரிஸ் போனபோது வாங்கிய விசா அவனிடம் இன்னும் உயிரோடு இருக்கிறதாம். ஜூலை இருபத்திரண்டாம் தேதி ஆள் அங்கே இருந்தாக வேண்டும் என்று பிலிப்பா மேடம் எழுதிவிட்டார். எனக்கு வராவிட்டால் அவன் கிளம்பிவிடுவான். அவனுக்கு ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாது.

ஜூலை 10, வியாழன்

வந்துவிட்டது! வந்துவிட்டது! விசாவில் என் முகம் திருடி மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

டிக்கெட்டும் போட்டாயிற்று. ஜூலை 20. அந்த ஒரு நாள்தான் மற்ற நாளைவிட ஒன்பதாயிரம் கம்மி. நான்தான் அதைப் போடச் சொன்னேன். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். இவர் காலண்டரைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏ புள்ள, அன்னிக்கு ஆடி நாலு. ஞாயித்துக்கெழம. மேக்க சூலம்!"

"அதனாலதான் மாமா கம்மி வெலைக்கு இருக்குது."

"நீ போறதே மேக்க. சூலத்துக்கு எதிர்க்கப் போயி நிப்பியா? அதுவும் ஆடியில? மாத்தச் சொல்லு."

"ஒம்பதாயிரம் நீங்க தருவீங்களா?"

மாலை வரை காலண்டரும் கையுமாகவே இருந்தார். பிறகு அவரே வழி சொன்னார். பரஸ்தானம் வைத்துவிடலாமாம். அதாவது, கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் நல்ல நாளில் நம் பையைப் போகிற திசையில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் வைத்த பை திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது, வந்தால் பயணம் கெட்டுவிடும். ஆனி முடிவதற்குள், வருகிற திங்கட்கிழமை காலை நல்ல நாள்.

சரி, ஒன்பதாயிரம் மிச்சம் என்று நான் ஒத்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

கெரகம்.

எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குக் கிழக்கேதான் இருக்கிறார்கள். மேற்கே ஒரு பிரிண்டிங் கம்பெனி, ஒரு காலி இடம், ஒரு பேக்கரி. அதைத் தாண்டினால் மல்லீஸ்வரி வீடு.

"பேக்கரில வெச்சரலாம்," என்றேன்.

"பேக்கரி வீடாடி? பப்ஸுக்குப் பக்கத்துல வெப்பாங்களா பரஸ்தானத்த?"

"அவ வீட்டுல வேண்டாம்."

"அப்ப ஒம்பதாயிரம் கட்டி டிக்கெட்ட மாத்து."

மல்லீஸ்வரியும் நானும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. சாம்பிள் ரூமில் பன்னிரண்டு வருஷம் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்திருந்தோம். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். காரணமெல்லாம் எழுத நேரமில்லை, ரசப்பொடியை இன்னும் பாக்கெட் போடவில்லை.

ஜூலை 14, திங்கள்

இவரே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பெரிய பையில்லை, ஒரு சின்னத் தோள்பை. புதுச் சேலை, ஒரு மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

"என்ன சொன்னா?"

"எந்தூருக்குன்னு கேட்டுச்சு. சொன்னேன். வாங்கி வெச்சுக்கிச்சு."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கல."

"எதுக்குப் போறேன்னு கேட்டாளா?"

"கழுத்து தெக்கறதுக்குன்னு நானே சொன்னேன்."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்லைங்கறேன்ல. எத்தன தடவ கேப்ப?"

சரி. பை போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். இன்றே பயணம் தொடங்கிவிட்டது!

ஜூலை 17, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அக்கவுண்ட்ஸிலிருந்து போன். யூரோ கார்டு வாங்க அசல் பாஸ்போர்ட் வேண்டும், மதியத்துக்குள் கொண்டுவாருங்கள் என்றார்கள். பீரோவைத் திறந்தேன். இல்லை. மெத்தைக்கு அடியில் இல்லை. பெரிய பையை முழுசாகக் கொட்டினேன், ரசப்பொடி பாக்கெட் ஒன்று உடைந்து வீடெல்லாம் தும்மல். இல்லை. டெம்போவில் போயிருந்த இவருக்குப் போன் போட்டு அழுதேன்.

மறுமுனையில் டெம்போவை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அழுவாத புள்ள. அது பரஸ்தானத்துல இருக்குது," என்றார்.

"என்னது?"

"வெறும் சேலைய வெச்சா அது பயணமா? பயணத்துக்கு உசுரே பாஸ்போர்ட்டுதான? அதான் உள்ள வெச்சேன். பலமா இருக்கட்டும்னுதான்..."

அந்த நேரம் அவர் எதிரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. அவர் இருந்தது ஈரோட்டில். லோடு இறக்கிவிட்டு வர நாலு மணி நேரமாகும். வேறு வழியில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு நானே மேற்கே நடந்தேன்.

மல்லீஸ்வரி முன்னறையில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறாள். நைட்டிகள் மலை மாதிரி குவிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தாள். என் பை அவள் சாமிப் படங்களுக்கு முன்னால், ஒரு பலகை மேல் இருந்தது. பக்கத்தில் விளக்கு எரிந்தது. மூன்று நாளும் எரிந்திருக்கும் போல, திரி கருத்திருந்தது.

"உள்ள பாஸ்போர்ட் இருக்குது," என்றேன். ஐந்து வருஷம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"ஓ, அப்படியா?" என்றாள்.

"இன்னிக்கு வேணும். பைய எடுத்துக்கறேன்."

"பையத் தூக்காத. உன்ர வீட்டுக்குத் திரும்பிப் போச்சுன்னா நாள் கெட்டுரும். பாஸ்போர்ட்ட மட்டும் நான் எடுத்துத் தாரேன். வேல முடிஞ்சதும் பொழுதோட கொண்டாந்து இங்கயே வெச்சுரு."

அவளே பிரித்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் விடவில்லை, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"கழுத்து தெச்ச ஆளக் கேட்டாங்களாமா. இப்பவும் தலையத்தான ஆட்டுன?"

என் கையில் இருந்த முனையையே பார்த்தேன்.

"அன்னிக்கு எங்கப்பன் காரியத்த முடிச்சுப்போட்டு பதினேழாம் நாள் வந்து நிக்கறேன். எனக்கு வரவேண்டிய பொறுப்புச் சேர்ல நீ உக்காந்திருக்கற. ஏண்டின்னு நான் கேக்கோணுமா? நீயா வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கோணுமா?"

"மல்லி..."

"அங்க போயி அதெப்படித் தெப்பே?"

"ஃபைல்ல அளவு இருக்குதே."

"அளவு!" என்று சிரித்தாள். "அந்த அளவு திருப்பூர் காத்துக்குடி. வேற ரிப்புத் துணி, வேற காத்து, அளவு சொல்ற பேச்சக் கேக்குமா? மொத நாளே மாட்டிக்குவே."

அழுதுவிட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

"எம்மேல உனக்குக் கோவமில்லையா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

"இருக்குது. நெம்ப இருக்குது. அதுக்குன்னு பை என்ன பண்ணுச்சு?" என்று பாஸ்போர்ட்டை விட்டாள்.

கார்டு வாங்கிவிட்டேன். பொழுதோடு பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்த் திரும்ப வைத்தேன். கிளம்பப் பார்த்தபோது, "நாளைக்கு லீவு போட்டுட்டு வா," என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 18, வெள்ளி

அந்தக் கழுத்து நான் தைத்ததில்லை. மல்லீஸ்வரி தைத்தது.

எழுதிவிட்டேன்.

பதினோரு முறை பிலிப்பா மேடம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கழுத்து அது. துவைத்தால் வாய் பிளந்து நிற்கும். மல்லி ஒரு வாரம் போராடி அதை அடக்கினாள். பன்னிரண்டாவது பீஸ் கூரியரில் போன அன்று அவள் அப்பா இறந்துவிட்டார். அவள் ஊரில் இருந்தபோது பாராட்டு மெயில் வந்தது. யார் தைத்தது என்று அண்ணன் கேட்டார். எதிரில் நான் நின்றேன். பொறுப்பும் சேரும் அந்தத் தலையாட்டலோடு என்னிடம் வந்தன. அவள் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாசம் முடிந்ததும் வேலையை விட்டு நின்றுகொண்டாள்.

இன்று முழுக்க அவள் வீட்டில் இருந்தேன். கழுத்துப் பட்டிக்குப் போடும் ரிப் துணியை உருளையிலிருந்து அவிழ்த்ததும் வெட்டக்கூடாதாம். ஒரு நாள் சும்மா கிடக்க விட வேண்டும். உருளையில் இழுத்துச் சுற்றிய துணி, மூச்சு விட்டுச் சுருங்கிய பிறகுதான் அதன் நிஜ அளவு தெரியும். தைக்கும்போது முன்பக்க வளைவில் கொஞ்சம் இழுக்கணும், தோளில் பாதி, பின்கழுத்தில் இழுக்கவே கூடாது. எவ்வளவு என்று கேட்டேன்.

"கையிக்குத் தெரியும். கண்ண மூடு," என்று என் கை மேல் கை வைத்து ஓட்டினாள். முப்பது கழுத்து தைத்தேன். பதினெட்டைப் பிரித்துப் போட்டாள். திட்டிக்கொண்டேதான் சொல்லிக் கொடுத்தாள். மத்தியானம் அவள் வைத்த தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டோம்.

ஜூலை 19, சனி

அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். ரூமில் பேங்க்காரர்கள் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "இதா, எங்க போர்ட்டோ ஸ்பெஷலிஸ்ட்டு!" என்று அவர்களிடம் காட்டினார். எல்லாரும் கை கொடுத்தார்கள். சொன்னால் டிக்கெட் தினகரனுக்குப் போய்விடும் என்று தோன்றியது. லட்டு கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி. மேற்கே சூலம். கிளம்பிவிட்டேன்!

காலை ஒன்பது மணிக்குக் காரை மல்லி வீட்டு வாசலில் நிறுத்தினோம். பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டாள். குங்குமம் வைத்தாள். நிறைமதி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்ணுல தூசி," என்றார்.

"ரிப்ப வெட்டறதுக்கு முன்னால என்ன பண்ணோணும்?" என்று மல்லி கேட்டாள்.

"தூங்க உடோணும்."

"போயிட்டு வா."

இதை மும்பை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் விமானத்தில் ஜன்னல் சீட்! மேகம் கீழே இருந்தது, எனக்குக் கீழே! பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஜூலை 21, திங்கள்

வந்துவிட்டேன். வந்தேவிட்டேன்!

மெட்ரோவிலேயே வந்தேன், டாக்சி இல்லை. முப்பது கிலோவையும் தள்ளிக்கொண்டு ஏறினேன். பாலத்தின் மேல் மெட்ரோ போகும்போது எழுந்து நின்றுவிட்டேன். கீழே அவ்வளவு ஆழத்தில் ஆறு. கரையெல்லாம் சிவப்பு ஓட்டு வீடு. ஒவ்வொரு மாடியிலும் துணி காய்கிறது. அறுபது யூரோ கொடுத்து ஜன்னலில் பார்ப்பதை நான் மெட்ரோ டிக்கெட்டிலேயே பார்த்துவிட்டேன்.

டீச்சர் அம்மா நல்லவர். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஒரு பனியனுக்குள் அடங்கிவிடும். குக்கர் விசில் அடித்ததும் பயந்து வெளியே ஓடினார். பிறகு ரசத்தைக் குடித்துப் பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார்.

ஜூலை 22, செவ்வாய்

பிலிப்பா மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி. நம்மைப் போலவே கழுத்தில் டேப் தொங்குகிறது. பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார். புது ரிப் உருளை ஒன்றை மேசையில் வைத்து, "நெக், ப்ளீஸ்," என்றார்.

தொட்டேன். மல்லி சொன்னது சரிதான், இது வேறு ஜாதி. ஃபைல் அளவில் தைத்திருந்தால் இன்றே மாட்டியிருப்பேன். உருளையை அவிழ்த்து மேசையில் பரப்பிவிட்டு, "ரெஸ்ட். ஒன் டே," என்றேன். மேடம் புருவத்தைத் தூக்கினார். அப்புறம் சிரித்தார்.

ஜூலை 23, புதன்

இன்று தைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே பாதி தைத்தேன். மெஷினில் போட்டுத் துவைத்து, காயவைத்து, மேடம் அளந்தார். விரியவில்லை. இரண்டாம் முறையும் துவைத்தார். ஒரு நூல்கூட விரியவில்லை.

அங்கே தைக்கிற ஆறு பேரையும் கூப்பிட்டார். என் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு என்னிடம், "திஸ் நெக், ஃபைவ் இயர்ஸ்... யூ. ஜீனியஸ்!" என்றார்.

தலை ஆடத்தான் பார்த்தது. பழகிய தலை. பிடித்து நிறுத்தினேன்.

"நோ மேடம். நாட் மீ."

கை தட்டல் நின்றது. சாம்பிள் கார்டை எடுத்து, தைத்தவர் பெயர் என்ற இடத்தில் மல்லீஸ்வரி என்று இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். "ஷி மேக் நெக். ஐ ஸே மீ. ஐ லை." இவ்வளவுதான் என்னிடம் இருந்த இங்கிலீஷ், அதுவே போதுமாக இருந்தது.

மேடம் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேரே கண்ணாடி ரூமுக்குள் போய்ப் போனை எடுத்தார். அண்ணனுக்குத்தான் என்று தெரிந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாளைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், மூன்று நாள்தான் எனக்குப் போர்ட்டோ என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனசு அப்படி ஒன்றும் கனக்கவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அரை மணி கழித்து வந்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார். இன்றிலிருந்து செப்டம்பர் எட்டு வரை விரலால் தடவி, "யூ," என்றார். அதற்கப்புறம் அக்டோபர் வரை தடவி, கார்டில் இருந்த பெயரைத் தொட்டு, "ஷி," என்றார்.

முப்பது நாள் போச்சு. வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடைசி மாசத்துக்கென்று எவ்வளவு எழுதி வைத்திருந்தேன்! கடற்கரை, திராட்சைத் தோட்டம், ரயிலில் லிஸ்பன். ஆனால் காலண்டரைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அழுகிற கண்ணோடு சிரிப்பு, மேடத்துக்கும் சிரிப்பு.

முதலில் அண்ணன் போன் வந்தது. ஐந்து நிமிஷம் திட்டினார். வாங்கிக்கொண்டேன். கடைசியில், "அந்தப் புள்ளைக்குப் பாஸ்போர்ட்டாச்சும் இருக்குதா?" என்றார். "இல்லைங்ண்ணா, நாளைக்கே எங்க வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போயி எழுதிக் குடுப்பாருங்," என்றேன்.

பிறகு மல்லிக்குப் போட்டேன். அங்கே பொழுது இறங்கும் நேரம், மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கார்டில் பெயர் எழுதியதை, பொய் சொன்னேன் என்று எல்லார் எதிரிலும் சொன்னதை, செப்டம்பர் எட்டுக்கு அப்புறம் அவள் நாள் என்பதை. மெஷின் நின்றது.

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்? நைட்டி ஆயிரம் பீஸ் கெடக்குது. எனக்கு இங்கிலீசும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. நீயே இருந்துட்டு வா. போன வெய்யி," என்றாள்.

வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏண்டி இந்திராணி," என்றாள் கடைசியில், சின்னக் குரலில், "அங்க குளுருமா?"

"செப்டம்பருக்கு மேல குளுரும். என்ர ஸ்வெட்டர இங்கயே உட்டுப்போட்டு வாரேன்," என்றேன்.